காவல் பதக்கங்களும் பாராட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முன்பாகக் காவல் பதக்கம் பெறுவோர் பட்டியல் வெளியாகிறது. நம் மாநிலத்துப் பெயர்களை மட்டும் நாளிதழ்கள் ஒரு கட்டம் கட்டிப் போட்டுவிடும். யார் பரிந்துரைத்தார்கள், எதற்காகக் கிடைத்தது, ஒரு காவல் நிலையத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர் பெயர் ஏன் அதில் இல்லை என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வராது. காவலர் குடும்பத்தினர், தேர்வுக்குப் படிப்பவர்கள், தங்களுக்கு உதவிய ஒரு காவலருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தேடுபவர்கள் என மூன்று தரப்பினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. மாநில அளவிலான விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

மத்திய அரசு தரும் காவல் பதக்கங்கள் எவை?

இப்போது நான்கு. வீரதீரச் செயலுக்கான குடியரசுத் தலைவர் பதக்கம், வீரதீரச் செயலுக்கான பதக்கம், தகைசால் பணிக்கான குடியரசுத் தலைவர் பதக்கம், மெச்சத்தகுந்த பணிக்கான பதக்கம். காவல், தீயணைப்பு, சிறை, ஊர்க்காவல் படை மற்றும் குடிமைப் பாதுகாப்பு என எல்லாத் துறைக்கும் இந்த நான்குதான்.

முன்பு ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் பெயரில் 16 பதக்கங்கள் இருந்தன. 2023-இல் அவற்றை நான்காகச் சுருக்கினார்கள். புதிய முறைப்படி வெளியான முதல் பட்டியல் 2024 குடியரசு தினப் பட்டியல். அதில் மொத்தம் 1,132 பேர்: முதல் வகையில் 2, இரண்டாவதில் 275, மூன்றாவதில் 102, நான்காவதில் 753. முதல் வகைப் பதக்கம் பெற்ற இருவரும் எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர்கள். காங்கோவில் ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றியபோது 2022-இல் உயிரிழந்தவர்கள்.

பழைய வரலாறு தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பயன்படும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1909-இல் மன்னர் பெயரிலான காவல் பதக்கமும், 1932-இல் இந்தியக் காவல் பதக்கமும் வந்தன. விடுதலைக்குப் பிறகு 1951 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் பதக்கங்கள் நிறுவப்பட்டன.

வீரப் பதக்கத்துக்கும் பணிப் பதக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

வீரப் பதக்கம் ஒரு குறிப்பிட்ட செயலுக்கானது. அன்று, அந்த இடத்தில், அவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. நேற்றுப் பணியில் சேர்ந்தவருக்கும் கிடைக்கலாம், இறந்தவருக்கும் கிடைக்கலாம், பதவி பொருட்டில்லை. பணிப் பதக்கங்கள் பல ஆண்டு உழைப்புக்கானவை. நீண்ட, கறையில்லாத பணிக்காலம் இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வீரப் பதக்கத்தோடு மாதாந்திரப் படி வரும். மத்திய அரசின் பணிப் பதக்கங்களோடு பணம் எதுவும் வராது, கௌரவம் மட்டுமே.

வீரப் பதக்கத்துக்கான விதியில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. அவர் சந்தித்த ஆபத்தை, அவருடைய பதவிக்குரிய கடமைகளையும் கணக்கில் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதே அது. அதாவது, ஆபத்து இருந்தது என்பது மட்டும் போதாது. கலவரத்தை அடக்கப் போவது ஆயுதப்படைக் காவலரின் வேலைதான். அந்த வேலை கேட்பதைத் தாண்டி அவர் எதைச் செய்தார் என்று காட்ட வேண்டும். இதே காரணத்தால், துப்பாக்கியே பிடிக்க வேண்டாத பணியில் இருக்கும் ஒருவர் கத்தியோடு நிற்பவனை மடக்கினால் அதன் எடை வேறு.

அசோக சக்ரா ராணுவத்தினருக்கு மட்டும்தானே?

இல்லை. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கான மிக உயரிய விருது அது. காவலர்களுக்கும் பொதுமக்களுக்கும் உண்டு. 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலின்போது, மத்திய ரிசர்வ் போலீஸ் படைக் காவலர் கமலேஷ் குமாரியின் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. காரில் வந்தவர்கள் மீது சந்தேகம் வந்ததும் குரல் கொடுத்து மற்றவர்களை எச்சரித்தார். சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, தாக்க வந்தவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உடம்பில் குண்டுகள் பாய்ந்த பிறகும் விடவில்லை. அந்தச் சில நொடிகளில்தான் உடனிருந்தவர்கள் கசாபை உயிரோடு பிடித்தார்கள். பின்னால் நடந்த வழக்கு முழுவதற்கும் அந்தக் கைதுதான் அடிப்படை. அவருக்கும், அதே இரவில் இறந்த ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் ஆகியோருக்கும் 2009 குடியரசு தினத்தன்று அசோக சக்ரா கிடைத்தது.

விடுப்பில் இருக்கும் காவலர் ஒருவர் குளத்தில் மூழ்கியவரைக் காப்பாற்றினால்?

அதற்கு ஜீவன் ரக்ஷா பதக் இருக்கிறது. உயிர் காத்தவர்களுக்கான விருது, 1961 முதல் வழங்கப்படுகிறது. பொதுமக்கள் எல்லாருக்கும் உண்டு. காவல், தீயணைப்பு, ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கு, அந்தச் செயல் அவர்களுடைய பணிக்கு வெளியே நடந்திருந்தால் மட்டும். சர்வோத்தம், உத்தம், ஜீவன் ரக்ஷா என்று மூன்று நிலைகள். முறையே 2 லட்சம், 1.5 லட்சம், 1 லட்சம் ரூபாய்.

தமிழ்நாடு அரசு தனியாக என்ன தருகிறது?

ஒரு வருடத்தின் நாள்காட்டியை வைத்துச் சொன்னால் எளிது.

பொங்கலுக்கு முதலமைச்சரின் காவல் பதக்கம். இதுதான் எண்ணிக்கையில் பெரியது. காவல் துறையில் மட்டும் சுமார் 3,000 பேர். முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர், சிறப்பு சார்பு ஆய்வாளர் என்ற நிலைகளில் இருப்பவர்களுக்கு இது போகிறது. தீயணைப்பு, சிறைத் துறைகளுக்கும் பங்கு உண்டு. பதக்கத்தோடு மாதம் 400 ரூபாய் பதக்கப்படியும் வரும். தொகை சிறியதுதான். ஆனாலும் சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு மாதமும் அந்த வரி வருவதைப் பெருமையாகச் சொல்லும் காவலர்கள் ஏராளம்.

குடியரசு தினத்தில் காந்தியடிகள் காவலர் விருது. கள்ளச்சாராய ஒழிப்பில் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்கு, தலா 40,000 ரூபாயுடன். அதே நாளில் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கமும் தருகிறார்கள். பொதுமக்களும் அரசுப் பணியாளர்களும் அதற்குத் தகுதியானவர்கள். சுதந்திர தினத்தையொட்டி, புலன் விசாரணையிலும் பொதுச் சேவையிலும் சிறந்தவர்களுக்கு முதலமைச்சரின் பதக்கங்கள். அவை 8 கிராம் தங்கப் பதக்கங்கள், கூடவே 25,000 ரூபாய். செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளில் இன்னொரு அண்ணா பதக்கம். அதில் விரல்ரேகைப் பிரிவு, தடய அறிவியல் துறை, ஊர்க்காவல் படையும் சேர்த்தி.

செப்டம்பர் 6 காவலர் நாள் என்று அரசு 2025-இல் அறிவித்தது. 1859-இல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்த நாள் அது.

பதக்கத்துக்குக் காவலர் தானே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். மாவட்டக் கண்காணிப்பாளர் அல்லது ஆணையர் அலுவலகத்தில் தொடங்கி, சரகம், மண்டலம், தலைமை இயக்குநர் அலுவலகம், மாநில உள்துறை என்று கோப்பு ஏறும். மத்தியப் பதக்கமாக இருந்தால் கடைசியில் மத்திய உள்துறை அமைச்சகம்.

வழியில் ஒரு தண்டனையோ, நிலுவையில் இருக்கும் ‘3 பி’ குற்றச்சாட்டோ தென்பட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் கடும் தண்டனைக்கான பிரிவு அது. காவலர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் எண். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. விசாரணை இழுத்துக்கொண்டே போகும், கடைசியில் அவர் குற்றமற்றவர் என்று முடியும், அதற்குள் இரண்டு மூன்று பட்டியல்கள் போயிருக்கும். குற்றச்சாட்டை வேகமாக விசாரித்து முடிப்பதும் ஒருவகையில் பாராட்டுச் சம்பந்தப்பட்ட வேலைதான் என்பது என் கருத்து.

பரிந்துரையில் என்ன எழுத வேண்டும்?

பல பரிந்துரைகள் தோற்பது இந்த இடத்தில்தான். வேலை நன்றாக இருந்திருக்கும், எழுத்து மொண்ணையாக இருக்கும். ‘கடமை உணர்வு மிக்கவர், நேர்மையானவர், மேலதிகாரிகளின் உத்தரவைத் தவறாமல் நிறைவேற்றுபவர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாநிலம் முழுவதும் உள்ள காவலர்கள் எல்லாருக்கும் இந்த மூன்று வரிகளை ஒட்டிவிடலாம்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். நிலைய எழுத்தராக இருக்கும் ஒரு தலைமைக் காவலர். பழைய காணாமல் போனவர் வழக்குகளை எடுத்து, அடையாளம் தெரியாத உடல்கள் பற்றிய பக்கத்து மாவட்டப் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு குடும்பங்களுக்கு, வருடக்கணக்காகத் தெரியாமல் இருந்த ஒரு செய்தி தெரிந்தது. இதை எழுதும்போது என்ன இருக்க வேண்டும்? எந்த வழக்கு எண்கள், எந்தத் தேதியில் தொடங்கினார், வழக்கமான எழுத்தர் வேலை போக இதை எப்போது செய்தார், என்ன தடை வந்தது, முடிவு என்ன, அவர் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். ‘அர்ப்பணிப்பு’ என்ற சொல்லே வராமல் இதை எழுதிவிடலாம். படிப்பவருக்கு அது புரிந்துவிடும்.

அப்புறம், நேரம். சம்பவம் நடந்த வாரத்திலேயே குறிப்பு எடுத்து வைத்தால்தான் ஆறு மாதம் கழித்துப் பரிந்துரை கேட்கும்போது விவரம் இருக்கும். கடைசி நாளில் ‘யாராவது ஒருவர் பெயரை அனுப்புங்கள்’ என்று நிலையத்துக்குத் தொலைபேசி வந்தால், அருகில் நிற்பவர் பெயர்தான் போகும். அலுவலகத்தில் முகம் தெரிந்தவருக்குப் பதக்கம் கிடைக்கிறது, இரவு ரோந்தில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை என்ற மனக்குறைக்கு இதுவும் ஒரு காரணம். எப்போதும் பாரபட்சம்தான் என்று சொல்லிவிட முடியாது. பாதி நேரம் அது சோம்பேறித்தனம்.

பதக்கம் தவிர வேறு என்ன பாராட்டு இருக்கிறது?

தினசரி வாழ்க்கையில் அதிகம் பயன்படுவது இவைதான். பணப் பதிவேட்டில் ஏறும் சிறிய வெகுமதி, பணிப் பதிவேட்டில் ஏறும் நற்பணிப் பதிவு, கண்காணிப்பாளரோ ஆணையரோ கையெழுத்திட்ட பாராட்டுச் சான்றிதழ். காவலர்கள் பொதுவாக ‘ரிவார்டு’ என்றே சொல்வார்கள். ஒரு திருட்டு வழக்கில் பொருளை மீட்ட குழுவை ஆணையர் அலுவலகத்துக்கு வரவழைத்துச் சான்றிதழ் தரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வகை.

பணமில்லாத, சான்றிதழுமில்லாத இன்னொரு வகை ஓய்வு. 2021-இல் தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுமுறையும், பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பும் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைப் பாராட்டு என்று யாரும் சொல்லவில்லை, உரிமை என்றே சொல்ல வேண்டும். ஆனால் பந்தோபஸ்து முடிந்து வந்த காவலரிடம் சான்றிதழ் வேண்டுமா, நாளைக்கு லீவு வேண்டுமா என்று கேட்டால் எதைக் கேட்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

எனக்கு உதவிய காவலருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

ஒரு கடிதம் எழுதுங்கள். மாவட்டமாக இருந்தால் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் காவல் ஆணையருக்கு. தபாலிலும் அனுப்பலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். நிலைய ஆய்வாளருக்கு ஒரு நகல் போனால் நல்லது. நேரில் சொல்லும் நன்றி அந்த நிமிடத்துக்கு இனிக்கும். ஆனால் காகிதத்தில் வருவதுதான் அவருடைய பதிவேட்டுக்குப் போக வாய்ப்புள்ளது.

பெயர் தெரியவில்லையே என்பார்கள். பெயர்ப்பட்டையில் இருக்கும். பார்க்கவில்லை என்றாலும் பரவாயில்லை. தேதி, நேரம், இடம், காவல் நிலையம், வந்த ரோந்து வாகனத்தின் எண், மனு ரசீது எண் இவற்றில் எது தெரிந்தாலும் அன்று பணியில் யார் இருந்தார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்ன எழுதுவது? நடந்ததை அப்படியே எழுதுங்கள். ‘தங்கள் துறையின் சேவை மகத்தானது’ என்பதை விட, ‘இரவு பதினொன்றரைக்கு என் அம்மாவின் பையைத் தொலைத்துவிட்டு நிலையத்துக்குப் போனோம். பணியில் இருந்த பெண் காவலர் முதலில் அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், பிறகு ஆட்டோ போன வழியில் இருந்த கடைகளின் கேமராக்களைத் தானே போய்ப் பார்த்தார்’ என்பது ஆயிரம் மடங்கு உதவும். பரிந்துரை எழுதும் அதிகாரிக்கு நீங்கள் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது போல. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வழக்கு இன்னும் விசாரணையில் இருந்தால், குறிப்பாக நீங்கள் புகார்தாரராகவோ சாட்சியாகவோ இருந்தால், தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. விசாரணை அதிகாரியைப் புகழ்ந்து சாட்சி எழுதிய கடிதம், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கிடைத்த அல்வா.

பணமோ பரிசோ கொடுக்கலாமா?

கூடாது. நல்லெண்ணத்தில் கொடுத்தாலும் வாங்குபவருக்கு நடத்தை விதிப்படி சிக்கல். லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. உங்கள் மனதில் அது அன்பளிப்பு என்பதை யாரிடம் போய் நிரூபிப்பீர்கள்? சங்கங்களும் மன்றங்களும் ‘சிறந்த காவலர்’ விருது கொடுப்பதாக இருந்தாலும், துறையின் முன் அனுமதி இல்லாமல் மேடைக்கு அழைக்கக் கூடாது. அனுமதி கேட்டுக் கடிதம் கொடுங்கள். தேர்வைத் துறையிடமே விடுவது இன்னும் நல்லது. விருது கொடுத்தவர் மறுவாரம் ஒரு வழக்குக்காக நிலையத்துக்கு வந்து நிற்பதை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது.

வீடியோ எடுத்து இணையத்தில் போட்டால் போதாதா?

சில நேரம் அது நன்றாகவே வேலை செய்கிறது. 2021 நவம்பரில் சென்னை மழையின்போது, கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த ஓர் இளைஞரை டி.பி. சத்திரம் காவல் ஆய்வாளர் ராஜேஸ்வரி தோளில் தூக்கிக்கொண்டு ஓடி ஆட்டோவில் ஏற்றிய காட்சி நாடு முழுவதும் பரவியது. முதலமைச்சர் அவரை அழைத்துப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அந்தப் பாராட்டுக்கு அவர் முழுத் தகுதியானவர். ஆனால் அன்று கேமரா இல்லாத தெருக்களில் தண்ணீரில் நின்றவர்களும் இருந்திருப்பார்கள். வீடியோ மட்டுமே அளவுகோல் ஆகிவிட்டால், படம் பிடிக்கத்தக்க வேலைகள் மட்டும்தான் நல்ல வேலைகள் என்று ஆகிவிடும். குழந்தை வன்கொடுமை வழக்கில் குற்றப்பத்திரிகையைப் பிழையில்லாமல் தயாரிக்கும் பெண் ஆய்வாளரை யார் வீடியோ எடுப்பார்?

அந்த வகை வழக்குகளில் எடுக்கவும் கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் தடுக்கிறது. பெயரைப் போடாமல், பள்ளிச் சீருடையோ வீட்டு வாசலோ தெரிகிற படத்தைப் போட்டாலும் அடையாளம் அடையாளம்தான்.

சீருடை அணியாத பணியாளர்களுக்கு என்ன இருக்கிறது?

குறைவாகத்தான் இருக்கிறது. இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது, உலகிலேயே முதல். லட்சக்கணக்கான ரேகைகளில் ஒன்றை விரைவாகத் தேடி எடுக்க, அவற்றை 1,024 அறைகளாகப் பிரிக்கும் கணக்கு முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சார்பு ஆய்வாளர்களுடையது. உலகம் அதை ‘ஹென்றி முறை’ என்றே அழைத்தது, மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால். இருவருக்கும் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்கள் வந்து சேர்ந்தபோது ஹென்றி லண்டன் காவல் துறையின் தலைமைக்கே போயிருந்தார்.

இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘கேந்திரிய கிருஹமந்திரி தக்ஷதா பதக்’ சிறப்பு நடவடிக்கை, புலன் விசாரணை, உளவுத் தகவல், தடய அறிவியல் என்ற நான்கு துறைகளுக்கானது. சர்தார் படேல் பிறந்தநாளான அக்டோபர் 31 அன்று அறிவிக்கிறார்கள். முதல் ஆண்டில் 463 பேர். மாநிலத்தின் அண்ணா பதக்கத்திலும் விரல்ரேகை, தடய அறிவியல் பிரிவினருக்கு இடம் உண்டு என்று மேலே பார்த்தோம்.

காவல் அலுவலகங்களில் கோப்பு வேலை பார்க்கும் அமைச்சுப் பணியாளர்கள் கதை வேறு. சம்பளப் பட்டியல், ஓய்வூதியக் கோப்பு, இறந்த காவலர் குடும்பத்துக்கு வாரிசு வேலை எல்லாம் அவர்கள் மேசையில்தான் நகர்கின்றன. மற்றவர்களுக்கான பதக்கப் பரிந்துரைகளைத் தட்டச்சு செய்வதும் அவர்களே. ஒரு மாவட்ட அலுவலகம் தன் அளவில் மாதம் ஒரு பாராட்டுச் சான்றிதழை இவர்களில் ஒருவருக்கு ஒதுக்க யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

என்கவுன்டர் நடத்தியவர்களுக்கு உடனே பதக்கம் கொடுக்கலாமா?

உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லியிருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பரில் வந்த தீர்ப்பு 16 வழிமுறைகளைத் தந்தது. அவற்றில் ஒன்று இது: சம்பவம் நடந்த கையோடு முறைதாண்டிய பதவி உயர்வோ வீரப் பரிசோ தரக் கூடாது. வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான பிறகே பரிந்துரைக்க வேண்டும்.

காவலர்களில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. உயிரைப் பணயம் வைத்தவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதாக நினைக்கிறார்கள். எனக்கு அது மறுபக்கமாகத் தெரிகிறது. ஒரு சாவுக்குப் பின்னால் பதக்கம் காத்திருக்கிறது என்றால், உண்மையாகவே துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் நின்றவரின் பதக்கத்தையும் ஊர் நம்பாது. விசாரணை முடிந்து வரும் பதக்கத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

சிறப்புச் செயலுக்குப் பதவி உயர்வு தருவது?

தந்திருக்கிறார்கள். மிகப் பெரிய உதாரணம் 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் கொல்லப்பட்ட பிறகு நடந்தது. சிறப்பு அதிரடிப் படையின் 752 பேருக்கும் ஒரு படி பதவி உயர்வு, தலா 3 லட்சம் ரூபாய், வீட்டு மனை என்று அரசு அறிவித்தது. வருடக்கணக்காகக் காட்டில் கிடந்தவர்களுக்கு அது பெரிய மரியாதை. ஆனால் பதவி உயர்வைப் பரிசாகத் தரும்போதெல்லாம் பணிமூப்புப் பட்டியலில் ஒருவர் ஏற, வேறொருவர் இறங்குகிறார். இறங்கியவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். பணமும் மனையும் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. எது நல்லது என்று கேட்டால் நான் அந்தப் பக்கம்தான்.

கொடுத்த பதக்கத்தைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். விசுவாசமின்மை, கோழைத்தனம், படைக்கு இழுக்கு சேர்க்கும் நடத்தை ஆகியவற்றுக்குப் பதக்கத்தை ரத்து செய்ய விதிகள் இடம் தருகின்றன. 2020 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகளோடு ஒரே காரில் பிடிபட்ட துணைக் கண்காணிப்பாளரின் மாநில வீரப் பதக்கம் சில நாள்களிலேயே பறிக்கப்பட்டது.

தனி ஆளுக்கு இல்லாமல் ஒரு நிலையத்துக்கோ படைக்கோ விருது உண்டா?

உண்டு. மத்திய உள்துறை அமைச்சகம் ஆண்டுதோறும் சிறந்த காவல் நிலையங்களைத் தேர்வு செய்கிறது. 2017-ஆம் ஆண்டுக்கான தேர்வில் கோவை ஆர்.எஸ். புரம் நிலையம் நாட்டிலேயே முதலிடம். 2020-இல் சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையம் இரண்டாமிடம்.

படை முழுவதற்குமான உயரிய கௌரவம் குடியரசுத் தலைவரின் கொடி. தமிழ்நாடு காவல் துறைக்கு 2022 ஜூலை 31 அன்று சென்னையில் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வழங்கினார். தலைமை இயக்குநர் முதல் இரண்டாம் நிலைக் காவலர் வரை சட்டைக் கையில் ஒரே மாதிரிச் சின்னம் அணிவது அதனால்தான். பதவிக்கேற்ப மாறாத அடையாளம் அந்தச் சீருடையில் அதிகம் இல்லை.

பணியில் இறந்தவர்களுக்கு?

பதக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அக்டோபர் 21 அவர்களுக்கான நாள். 1959-இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 10 பேர் இறந்தார்கள். முந்தைய ஓராண்டில் நாடு முழுவதும் பணியின்போது இறந்தவர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள். புது டெல்லி சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவுச் சின்னம் 2018 அக்டோபர் 21-இல் திறக்கப்பட்டது.

மோப்ப நாய்களுக்கு?

பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஏராளமான வெடிபொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்த ‘ஜன்ஜீர்’ என்ற லாப்ரடார், 2000-இல் இறந்தபோது முழு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. சரி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனவரையும் பரிந்துரையில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது. பதக்கம் எப்போது கைக்கு வரும்?

அறிவிப்பு ஒரு நாள், வழங்குவது வேறொரு நாள். மத்தியப் பதக்கங்கள் அரசிதழில் வெளியாகும். பதக்கத்தைப் பின்னர் நடக்கும் விழாவில் அணிவிப்பார்கள். இடையில் மாதங்கள் போகலாம். அதற்குள் இடமாறுதலோ ஓய்வோ வந்தால், பரிந்துரைத்த அலுவலகத்துக்குப் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அரசிதழ் பக்கத்தின் நகலை எடுத்து வையுங்கள். பணிப் பதிவேட்டில் பதிவு ஏறிவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பதக்கப்படி உள்ள பதக்கம் என்றால் அது எந்த மாதத்திலிருந்து சம்பளத்தில் சேர வேண்டும் என்பதையும் ஆணையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.